தீங்கில்லாத நீலம்

செவ்வாய்க் கிரகத்தின் தென்சரிவுக் குடியிருப்பில், காலைச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் கதவில் விரலைக் குத்திக்கொள்வார்கள். ஒரு துளி ரத்தம் போதும். குருதிக்கதவு அதைச் சோதித்துப் பச்சை விளக்கைப் போட்டால் பொதுக்கூடத்துக்கு வழி. நாற்பது குடும்பங்கள் ஒரே காற்றைச் சுவாசிக்கிற இடத்தில் இதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை. பல் தேய்ப்பதைப் போல அதுவும் ஒரு வேலை.

எச்.ஐ.வி.யைக் கதவு காட்டாது. அது காற்றில் பரவாது, அவரவர் சொந்த விஷயம் என்று பழைய சட்டம் ஒன்று அதை மறைத்து வைத்திருந்தது. நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்த இசக்கிராசுவும் அவன் மனைவி வடிவும் அந்தச் சட்டத்தின் தயவில்தான் ஆறு வருடமாகப் பச்சை விளக்கில் நடந்துகொண்டிருந்தார்கள். நோய் முதலில் அவனுக்கு, பிறகு அவளுக்கு. எப்படி வந்தது என்று அவள் கேட்டதில்லை.

மாத்திரைகள் அவனிடம் தோற்கத் தொடங்கியபோது டாக்டர் ரஹீமா வேறொரு வழி சொன்னார். துணையி என்று ஒரு நச்சுயிரி. உடம்பில் வந்து தங்கும். ஒரு தும்மலைக்கூட உண்டாக்காது. ஆனால் அது குடியிருக்கும் ரத்தத்தில் எச்.ஐ.வி.யின் வேகம் குறைவதாகத் தெரிகிறது. எல்லோருக்கும் அல்ல, ஏன் என்பதும் முழுதாகப் பிடிபடவில்லை. எதையும் ஒளிக்காமல்தான் சொன்னார். துணையி இருந்தால் கதவு வழி விடும், ஆனால் பச்சைக்குப் பதிலாக நீல விளக்கைப் போட்டுவிடும் என்பதையும் சொன்னார். தீங்கில்லாத கிருமியை மறைக்கச் சட்டத்தில் இடமில்லை.

இசக்கிராசு மறுத்துவிட்டான். நீலம் எரிந்தால் எதற்காகப் போட்டுக்கொண்டான் என்று கூடமே ஊகித்துவிடும் என்றான். தான் மட்டுமாவது போட்டுக்கொள்ளட்டுமா என்று வடிவு கேட்டுப் பார்த்தாள்.

“ஒரே வீட்ல ஒருத்திக்கு நீலம் எரிஞ்சா, புருசன் கதை என்னன்னு கேக்க மாட்டாங்களா? நான் இருக்கிற வரைக்கும் வேண்டாம் வடிவு.”

பதினான்கு மாதம் இருந்தான். கடைசி நாள்களில் அவள்தான் அவனைத் தாங்கிக் கதவடிக்குக் கொண்டுபோனாள். விரலில் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை. விளக்கு பச்சையாகவே எரிந்தது. இரங்கல் கூட்டத்தில் குடியிருப்புச் செயலாளர் ஆல்பர்ட் தங்கையா, ஒரு நாள்கூடப் பச்சை தவறாத மனிதர் என்று அவனைப் புகழ்ந்தார்.

மறுவாரம் வடிவு துணையியைப் போட்டுக்கொண்டாள். பத்தாம் நாள் நீலம் எரிந்தது. அவள் உள்ளே நுழைந்ததும் கூடத்தில் பேச்சு நின்றது. தட்டை எடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தாள். மூன்று வாரம் அப்படியே போயிற்று. நான்காவது வாரம் இன்னொரு நீலம். மாதக் கடைசியில் அவளைத் தவிர ஏழு. ஏழு பேரும் வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்கள். இசக்கிராசு யாருக்கெல்லாம் பயந்தானோ அவர்கள்தான். இத்தனை நாளும் அவர்கள் அவனுக்குப் பயந்திருந்தார்கள்.

பிறகு நோயில்லாதவர்களும் போட்டுக்கொண்டார்கள். ஆயுளைக் கூட்டும் என்று பேச்சு கிளம்பியிருந்தது. அப்படி எந்த ஆதாரமும் இல்லை என்று ரஹீமா சொல்லிப் பார்த்தார், யார் கேட்டார்கள்? இரண்டே வருடத்தில், கல்யாணப் பேச்சு எடுத்தால் முதல் கேள்வியே பிள்ளைக்கு நீலம் உண்டா என்பதாயிற்று.

அந்தச் சமயத்தில் காலியாக இருந்த வீட்டுக்கு ஒரு புதுக் குடும்பம் வந்தது: கணவன், மனைவி, கைக்குழந்தை. மூவருக்கும் பச்சை. அவர்களை வேறு குடியிருப்புக்கு அனுப்பச் சொல்லும் மனுவோடு ஆல்பர்ட் வடிவைத் தேடி வந்தார். முதல் நீலம் அவள்தான் என்பதால் முதல் கையெழுத்தும் அவளுடையதாக இருக்கட்டும் என்றார்.

“அவங்களுக்கு என்ன சீக்கு?” என்று வடிவு கேட்டாள்.

“ஒண்ணும் இல்லம்மா. அதான் சந்தேகமா இருக்கு.”

வடிவு கையெழுத்துப் போடவில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் போட்டார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.