வால் குறைந்த தேள்

மேற்கே செவ்வானம் வடிந்து, கிழக்கே பௌர்ணமி நிலா பனந்தோப்புக்கு மேல் தலைகாட்டிய அந்திப் பொழுதில், ஆற்றுப் படித்துறையிலிருந்து நீர்க்குடம் சுமந்த பெண்கள் முப்பது பேர் வரிசையாக நெடுங்கல் கோட்டை வாயிலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். நாணற்புதர்களில் காற்று சலசலத்தது. அலைகளில் நிலவொளி ஆடியது. அன்பார்ந்த வாசகர்களே, கண்டு களிக்க வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது. ஆனால் வரிசையின் நடுவே முக்காடிட்டு நடந்த பெண்ணின் கண்ணில் எதுவும் படவில்லை. அவளுக்கு இடது முன்கை அரித்துக்கொண்டிருந்தது.

அவள் ஏவற்பெண் அல்லள். அக்கரைச் சீமையை ஆண்ட பாலையூர் அரசரின் ஒரே மகள் பெருங்கோதை. சிறு வயது முதல் அவளோடு வளர்ந்து, அவளையே மணக்கவிருந்த ஆதன்மாறன் போரில் சிறைப்பட்டு இந்தக் கோட்டையில் கிடந்தான். பொழுது விடிந்தால் அவனுக்குச் சிரச்சேதம். குடத்தின் அடியில் மெழுகால் ஒட்டியிருந்த சிறிய அரம் அவன் கைக்குப் போனால், ஆற்றுப்பக்கத்துச் சாளரக் கம்பிகள் விடிவதற்குள் அறுபடும். பௌர்ணமித் திருவிழாவுக்காகப் பல ஊர்களிலிருந்து ஏவற்பெண்கள் வந்து குவிந்திருந்தபடியால், காவலர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நெடுங்கல் அரசின் ஏவற்பெண்கள் அனைவரும் இடக்கையில் பச்சை குத்தியிருக்கும் தேள் முத்திரையை மட்டுமே பார்த்தார்கள்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன் பெருங்கோதையும் அந்தத் தேளைக் குத்திக்கொண்டாள். மஞ்சளையும் அகத்தியிலையையும் சுட்டுக் கரியாக்கிக் குழைத்த மையில் ஊசியைத் தோய்த்த பச்சை குத்துகிறவள் எயினி, எதிரே இருப்பவள் இளவரசி என்றுகூடப் பார்க்கவில்லை.

"கையை இழுக்காதீங்க அம்மா! மொதல்ல எறும்பு கடிச்சாப்பல இருக்கும். எலும்புகிட்ட வந்தா உசிரு போகும். நாளைக்கு வீங்கும், பயந்துடாதீங்க. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவுங்க, ஆத்துல முழுகாதீங்க. அஞ்சாம் நாள் பொருக்குக் கட்டும். அப்புறந்தான் ஆபத்து."

"என்ன ஆபத்து?"

"அரிக்கும். வேப்பிலையால வருடுங்க. நகம் பட்டுதோ, பொருக்கோட பச்சையும் வந்துடும். மறுபடி குத்த நாளில்லை."

பெருங்கோதை சிரித்துவைத்தாள். ஆனால் பொருக்கைக் கண்டால் அவள் விரல் சும்மா இராது. குழந்தைப் பருவத்தில் முழங்காலில் பட்ட ஒரு காயத்தையாவது அவள் ஒழுங்காக ஆற விட்டாளா? "உரித்துவிட்டாயா, கோதை?" என்று கேலி செய்தே ஆதன்மாறன் அவளை அழ வைத்திருக்கிறான்.

பயந்தபடியே ஆயிற்று. ஏழாம் நாள் காலையில் கண்விழித்தபோது நகக்கண்ணில் இரத்தம் இருந்தது. தேளின் வாலில், கொடுக்குக்கு முந்திய கணு காணாமற் போயிருந்தது. "தூக்கத்தில் செய்துவிட்டேனடி, பாவி!" என்று அவள் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். புண்மேல் மீண்டும் ஊசி வைத்தால் சீழ் பிடிக்கும் என்று எயினி கைவிரித்துவிட்டாள். புதுப்பச்சையின் மினுமினுப்பு தெரியாமலிருக்க மேலே சாம்பல் தடவி அனுப்பியதுதான் அவளால் முடிந்தது.

இதோ கோட்டை வாயில். காவல் தலைவன் கண்டன் சாத்தன் தீவட்டி வெளிச்சத்தில் அவள் கையைப் பிடித்தான். பார்த்தான். பிடித்த கையை விடவில்லை.

"வாலில் ஒரு கணு எங்கே, பெண்ணே?"

ஒத்திகை பார்த்திருந்த பொய்களெல்லாம் அந்த நேரம் பார்த்து ஓடிப்போயின. உண்மைதான் வாயில் வந்தது. "சொறிந்துவிட்டேன், ஐயா."

அவன் இடி இடித்தாற்போல் சிரித்தான். "ஐந்து வயதில் குத்திவிட்டால் எந்தப் பிள்ளைதான் சொறியாமலிருக்கும்? இங்கே முழுத்தேள் உள்ளவள் ஒருத்திகூட இல்லை. சென்ற மாதம் ஒருத்தி அப்பழுக்கில்லாத தேளோடு வந்தாள். உளவுக்காரி என்று நின்ற இடத்திலேயே பிடித்துவிட்டேன். போ, போ!"

முன்னால் நடந்த பெண்ணின் கையை அப்போதுதான் பெருங்கோதை பார்த்தாள். அந்தத் தேளுக்கு இரண்டு கால்கள் இல்லை.

கைதிக்கு நீர் என்று சொல்லி அவள் வரிசையிலிருந்து பிரிந்து போன சிறைக்குள் ஆதன்மாறன் சுவரில் சாய்ந்திருந்தான். எலும்பும் தோலுமாய் இருந்த அவனைப் பெயர் சொல்லி அழைக்க அவள் வாயெடுத்தாள். ஆனால் வேலேந்திய காவலன் பக்கத்தில் நின்றான். முக்காட்டை விலக்கவும் வழியில்லை, வாய் திறக்கவும் வழியில்லை. ஆதன்மாறன் அவள் கையிலிருந்த தேளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உங்கள் அரசன் தரும் நீர் எனக்கு வேண்டாம். எடுத்துப் போ!"

"கேட்டாயல்லவா? குடத்தைத் தூக்கு" என்றான் காவலன்.

குடம் திரும்பினால் அரமும் திரும்பும். விடிந்தால் எல்லாம் முடிந்தது. அவள் குனிந்தாள். குடத்தின் விளிம்பில் இடக்கையை ஊன்றி, வலக்கை நகத்தால் தேளின் வாலை அழுந்தச் சொறிந்தாள். இளந்தோல் பிய்ந்து இரத்தம் துளிர்த்தது.

திரும்பிய ஆதன்மாறன் அந்த விரலையே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"குடம் இங்கேயே இருக்கட்டும்" என்றான். "உரித்துவிட்டாயா, பெண்ணே? இனி அதைத் தொடாதே, ஆற விடு. ஆறிவிட்டதா என்று நானே வந்து பார்ப்பேன். இது சத்தியம்!"

சாகப்போகிறவன் பிதற்றுகிறான் என்று காவலன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.