ஏழு கஜம் வெள்ளைத் துணி

"வீல்...!"

மச்சிலிருந்து ஒரு பெண்ணின் அலறல்!

கியாசுதீன் வாய்க்குக் கொண்டுபோன சோறு தட்டிலேயே விழுந்தது.

வியாழக்கிழமை. மத்தியானம் இரண்டரை மணி. வீட்டில் ஈ, காக்கை கிடையாது. மனைவி ஷரபுன்னிசா வியாழன்தோறும் போவதுபோல அரியமங்கலத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். மச்சுக் கதவு பூட்டியிருக்கிறது. சாவி அவர் இடுப்பில்!

"ஐயோ... என்னைக் கொல்லாதே...!"

கியாசுதீனுக்கு அந்தக் குரல் தெரியும். இரண்டாவது ரீல்! பதினோரு தடவை கேட்டவராயிற்றே!

ஆனால்... மிஷினை ஓட்டுவது யார்?

ஆமாம், சினிமாதான். கல் பட்டறை முதலாளி கியாசுதீன் மூன்று மாதமாகத் தன் வீட்டு ஓட்டு மச்சை ரகசியமாய் ஒரு கொட்டகையாக்கியிருந்தார். பட்டாளத்தார் கழித்துப் போட்ட பழைய புரொஜெக்டர் ஒன்று. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரோரம் ஐந்து பஞ்சு மெத்தை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. திரைக்கு ஏழு கஜம் வெள்ளைத் துணி. திருச்சியின் சித்திரை வெயிலில் உள்ளே போகிறவன் இடியாப்பமாய் வெந்துதான் வெளியே வருவான். வெந்தார். பார்த்தார்.

பார்ப்பதில் என்ன தப்பு?

'எங்கள் தெருவுக்கு டாக்கீஸ் வேண்டாம்' என்று நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கிக் கலெக்டருக்கு மனுப் போட்டதே இந்த மகானுபாவர்தான்! நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. பேசப் போவதும் அவர்தான். இந்த மச்சு விஷயம் வெளியே தெரிந்தால் இருபது வருஷ மரியாதை சந்தி சிரித்துவிடும்.

தட்! தட்! தட்!

வாசலில் சப்-இன்ஸ்பெக்டர் அடைக்கலம். அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் பிச்சமுத்து. துப்பறியும் கதை படித்தே கண்ணாடி போட்டுக்கொண்ட மனிதர்.

"பாய், உங்க வீட்ல பொம்பளை அலறுற சத்தம் கேட்டுச்சாமே. யாரது?"

"நா... நான்தான் சார். எலி கடிச்சிருச்சு."

"பொம்பளைக் குரல்லயா கத்துவீங்க?"

"பெரிய எலி சார்..."

பிச்சமுத்து முன்னால் பாய்ந்தார்.

"பொய் சார்! மூணு மாசமா நான் கவனிச்சுட்டு வரேன். மச்சுக்கு அஞ்சு மெத்தை ஏறிச்சு. ஒண்ணுகூட இறங்கல! ஜவுளிக்கடை ஜெகபர் சாதிக் கிட்ட ஏழு கஜம் வெள்ளைத் துணி வாங்கியிருக்காரு. 'யாருக்கு மௌத்து?'ன்னு அவரு கேட்டதுக்குப் பதிலே சொல்லாம வந்துட்டாரு சார்!"

அடைக்கலத்தின் மீசை நிமிர்ந்தது.

"பொணத்தைச் சுத்துற துணியா...?"

கியாசுதீன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பாய் வீட்டிலிருந்து வந்து ஏழு கஜம் வெள்ளையாய்க் கேட்டால் கடைக்காரர் வேறு என்ன நினைப்பார்? துணியைக் கிழிக்கும்போதே, சாவுச் செய்திக்குச் சொல்லும் 'இன்னாலில்லாஹி'யைச் சொல்லிவிட்டாரே! கூடவே பூப்போட்டதாக ஒரு கைலி வாங்கியிருந்தால் சந்தேகமே வந்திருக்காது. தோன்றவில்லையே!

"உங்க சம்சாரம் எங்க பாய்?"

"அரியமங்கலத்துல... அக்கா வீட்ல."

பிச்சமுத்து விடவில்லை. "அந்த அக்காவை இன்னிக்குக் காலையிலதான் பார்த்தேன் சார்! 'ஷரபு இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசமாச்சே'ன்னாங்க!"

கியாசுதீனுக்கு இது புதுச் செய்தி. அப்படியானால் வியாழக்கிழமை தவறாமல் இவள் எங்கே போகிறாள்... யா அல்லாஹ்!

"மச்சுச் சாவியைக் குடுங்க."

இரண்டே வழி. சினிமா என்றால் மானம் போகும். கொலை என்றால் உயிர் போகும். கியாசுதீன் யோசித்தார். ரொம்ப நேரமெல்லாம் இல்லை.

"சார்... நான்தான் கொன்னேன்."

"யாரை?"

"அதை... நீங்களே பார்த்து ஒரு முடிவு பண்ணுங்க சார்."

அடைக்கலம் விலங்கை எடுத்தார்.

"வீல்...!" மறுபடியும் மேலே!

"என்ன பாய், செத்தவங்க இன்னும் கத்துறாங்க?"

சாவியைப் பிடுங்கிக்கொண்டு அடைக்கலம் படியேறினார். மற்ற இருவரும் பின்னாலேயே ஓடினார்கள். பூட்டு திறக்கும் சத்தம் கேட்டதுமே மிஷின் அணைந்தது. உள்ளே கும்மிருட்டு. வேக்காடு. டார்ச் வெளிச்சம் பாய்ந்தது...

பெண்கள்!

பதினெட்டுப் பேர்! எல்லாரும் அதே தெரு. மடியில் முறுக்கு. கையில் பனைவிசிறி. புரொஜெக்டர் பக்கத்தில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு...

"ஷரபு! நீ எப்படி உள்ள வந்தே?"

"அக்னஸ் அக்கா வீட்டு மச்சு வழியா. நடுச்சுவரு இடுப்பு உயரம்தானே? ஒரு மெத்தையை நகர்த்துனா போதும்."

"அக்னஸா...?" பிச்சமுத்துவின் கண்ணாடி நழுவியது. அவருடைய மனைவி இரண்டாவது வரிசையிலிருந்து முறைத்தாள்.

"ஜெபக் கூட்டம்னு சொன்னது பொய்தான். அதுக்குப் போலீசையா கூட்டிட்டு வருவீங்க?"

கியாசுதீன் மனைவியிடம் போனார். "என்னை விட்டுட்டுப் பார்க்க எப்படி மனசு வந்துச்சு ஷரபு?"

"நீங்க என்னை விட்டுட்டுப் பதினோரு தடவை பார்க்கல?"

கியாசுதீன் ஜன்னலின் கறுப்புத் துணியை இழுத்துச் சரிசெய்தார்.

"ஊருக்குத் தெரிஞ்சா என் மானம்..."

"யாரு சொல்லப்போறா? உங்க மனுவுல இந்தப் பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். தெரிஞ்சா எங்க மானமும்தான் போகும். நாளைக்குக் கலெக்டர்கிட்ட நல்லாப் பேசிட்டு வாங்க."

எல்லாரும் அடைக்கலத்தைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றினார். மெத்தையில் உட்கார்ந்தார்.

"கேசும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெளிய மூச்சு விடமாட்டேன். ஆனா, கொன்னது யாருன்னு தெரியாம ஒரு போலீஸ்காரன் எப்படிம்மா எழுந்து போறது? ஓட்டுங்க!"

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. மானம் பிழைத்தது! கியாசுதீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த நல்ல மனுஷருக்கு உடனே ஏதாவது ஒரு உபகாரம் செய்தாக வேண்டும் என்று நெஞ்சு துடித்தது. செய்தார்.

"எதுக்கு சார் இந்த வேக்காட்டுல இன்னும் ஒரு மணி நேரம் கஷ்டப்படறீங்க? கொன்னது அந்தக் கம்பவுண்டர்தான்!"

மிஷின் நின்றது.

விசிறிகள் நின்றன.

பதினெட்டுத் தலைகள் மெதுவாய்த் திரும்பின. ஷரபுன்னிசா புடவையை இன்னும் இறுக்கிச் செருகினாள்.

"சா... சார்... காப்பாத்துங்க!"

அடைக்கலம் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். வெளியே போய்க் கதவை மெல்லச் சாத்தினார். மறுபடி கொஞ்சம் திறந்து, தலையை மட்டும் நீட்டினார்.

"இனிமே இந்த மச்சுல எந்த அலறல் கேட்டாலும் சினிமான்னுதான் எழுதுவேன் பாய்!"