மிஸ் ஹோல்டனின் வாயசைப்பு

தோர்ண்டன் ஹீத் ரயில் நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடை. கடைத்தெருவின் கருவாட்டு மணமும் பஸ்களின் இரைச்சலும் ஓய்கிற இடத்தில், ஒன்றோடொன்று ஒட்டிய பழைய செங்கல் வீடுகளின் வரிசை. அதில் கடைசி வீடு. செப்டெம்பர் மாதக் காலை. மழை விழுகிறதா, தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று தெரியாத லண்டன் தூறல். வாசலில் பொன்னிறத் தகடு ஒன்றில் 'விக்டோரியா கிராண்ட் சர்வதேச ஆங்கிலப் பேரவை' என்று எழுதியிருந்தது. தகட்டை ஒட்டியிருந்த செலோரேப் நாடாவின் ஒரு முனை காற்றில் படபடத்தது.

கதவைத் திறந்தவர் சச்சிதானந்தன். அவர் நீட்டிய அட்டையில் நிறுவுநர், தலைவர், உலகப் பீடாதிபதி என்று மூன்று பதவிகள் இருந்தன. நான் அண்ணை என்று கூப்பிட்டேன்.

"டைரக்டர் எண்டு சொன்னா நல்லம், தங்கச்சி," என்றார், காலில் கிடந்த றப்பர் செருப்பைச் சரிசெய்துகொண்டு. "வெளிநாட்டுக் கல்லூரியளோட செய்யிற வேலை. ஒரு ஒழுங்கு வேணும்."

முன்னறை இரண்டு நாடுகளாகப் பிரிந்திருந்தது. கமராவுக்கு முன்னால் இங்கிலாந்து: புத்தக அலுமாரி போல அச்சடித்த சுவர்த்தாள், ஒருநாளும் எரியாத கணப்பு, பச்சைத் தோல் சாய்கதிரை, நரிவேட்டைப் படம் ஒன்று. கமராவுக்குப் பின்னால் அவருடைய மைத்துனரின் கடைச் சரக்கு: கூரைவரை குத்தரிசி மூட்டைகள், தேங்காய்ப்பால் தகர ரின் பெட்டிகள். மூட்டைகளுக்கு நடுவே ஒரு சின்ன மேசை, ஒரு லப்டொப், ஒரு மைக். அதுதான் என் இடம்.

தென்சீனத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி. நாற்பது மாணவர்களுக்கு இணையவழியில் ஆங்கிலம் படிப்பிக்கவேண்டும். இவர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் ஆசிரியர் ஓர் ஆங்கிலப் பெண்மணி என்று போட்டிருந்தார்.

"அவைக்கு வெள்ளைக்கார முகம் வேணும். பாடத்துக்கு இங்கிலிஷ் வேணும். ரெண்டும் ஒரே ஆளிட்ட எனக்குக் கிடைக்கேல்லை," என்று ஒரு விஞ்ஞானியின் கவலையோடு சொன்னார்.

நான் யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் ஓர் அறையில் இருந்துகொண்டு, ஒரு பாடசாலையின் சாப்பாட்டறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு வருடத்தை முடித்தால் அடுத்த செப்டெம்பரில் அந்தக் கல்லூரிக்கே விரிவுரையாளராக அனுப்புவதாகச் சொன்னார். என் பெயரில். என் முகத்தோடு. அதற்கான அனுபவக் கடிதத்தைத் தன் கையாலேயே எழுதித் தருவாராம்.

சயந்தினி என்ற பெயரை யாராவது ஒரு கரும்பலகைக்கு முன்னால் நின்று மறுபடி சொல்லவேண்டும் என்பதைத் தவிர, எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. ஒப்புக்கொண்டேன்.

பச்சைக் கதிரையில் வந்து இருந்தவர் மிஸ் எவலின் ஹோல்டன். வயது எழுபத்தொன்று. குரொய்டனில் முப்பது வருடம் சப்பாத்துக் கடையில் நின்றவர். வெள்ளி முடி, முத்துமாலை, கல்லூரிகள் கனவு காண்கிற முகம். தொண்டையில் சத்திரசிகிச்சை செய்ததில் குரல் போய்விட்டது. காதை வாயருகே கொண்டுபோனால் காற்றுப்போல ஒன்று கேட்கும். எந்நேரமும் புதினா மிட்டாய் சூப்பிக்கொண்டிருப்பார். அறையில் அரிசித் தூசும் புதினாவும் சேர்ந்து மணக்கும்.

லண்டனில் காலை எட்டு மணி என்றால் அங்கே பின்னேரம். நான் மூட்டைகளுக்கு நடுவே இருந்து பேசுவேன். அவர் கமராவுக்குப் பக்கமாக என் வாயைப் பார்த்தபடி உதடுகளை அசைப்பார். ஒரு மாதத்தில் நான் மூச்செடுக்கும் இடத்தில் அவரும் மூச்செடுத்தார். நானும் அவருடைய உதடுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். எந்த எழுத்துக்கு எப்படிக் குவியும், எதற்குப் பல் தெரியும் என்று. யாழ்ப்பாணத்துக் கன்னியாஸ்திரிகள் எனக்கு அடித்துப் பழக்கிய ஆங்கிலத்தை, லண்டன் மேட்டுக்குடியின் உச்சரிப்பு என்று நாற்பது சீனப் பிள்ளைகள் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

டிசம்பரில் ஒருநாள், வகுப்பு முடிந்த பிறகு, மிஸ் ஹோல்டன் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"ஜூனில் கடைசி வகுப்பன்று நான் எழுந்துவிடுவேன்," என்று காதுக்குள் சொன்னார். "நீ வந்து இந்தக் கதிரையில் இரு. பேசியது யார் என்று அவர்கள் பார்க்கட்டும்."

சச்சி அண்ணையின் வாக்கை நான் பாதிதான் நம்பினேன். மிஸ் ஹோல்டனின் வாக்கை முழுதாக நம்பினேன்.

சீனப் புதுவருட விடுமுறை முடிந்து மார்ச்சில் வகுப்புத் தொடங்கியபோது பச்சைக் கதிரை வெறுமையாக இருந்தது. கமராக் கண்ணின்மேல் கறுப்பு ரேப் நாடா ஒட்டியிருந்தது. மிஸ் ஹோல்டனுக்குச் சளி என்றார் டைரக்டர். கமரா பழுது என்று சொல்லிவிட்டுக் குரலில் மட்டும் படிப்பிக்கச் சொன்னார்.

திரையில் என் பக்கத்துச் சதுரம் கறுப்பாக இருந்தது. மறுபக்கம் வகுப்பறை, நாற்பது முகங்கள். கமரா பழுது, மன்னிக்கவேண்டும் என்று தொடங்கினேன். முன்வரிசையில் இருந்த வகுப்புத் தலைவி வென் ஜிங் கொஞ்சம் குழம்பியதுபோல் தெரிந்தது. பிறகு, பெரியவர்களின் தவறைத் திருத்தாத பிள்ளையின் மரியாதையோடு, தலையாட்டினாள்.

இரண்டாவது வாரம்தான் அவர்களின் கண்களைக் கவனித்தேன்.

கறுப்புத் திரையைப் பார்க்கிற கண்கள் ஓரிடத்தில் நிற்காது. அலையும், கைபேசிக்குப் போகும். இவர்களுடைய கண்கள் நின்றன. அதுமட்டுமில்லை. நான் வாக்கியம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கையில் நாற்பது சோடிக் கண்களும் ஒன்றாக, மெதுவாக, இடமிருந்து வலமாக நகர்ந்தன.

யாரோ நடப்பதைப் பார்ப்பதுபோல.

"மிஸ் ஹோல்டன்," என்றாள் வென் ஜிங். "தயவுசெய்து இருங்கள். உங்களுக்குக் கால் வலிக்கும்."

கமராவுக்கு அந்தப் பக்கத்தில் தோல் கதிரை, ஒரு பாரத்தை வாங்கியதுபோல, முனகியது.

நான் எட்டிப் பார்க்கவில்லை. பாடத்தை நடத்தினேன். அரிசி மணத்துக்கு மேலால் புதினா மணம் வந்தது.

மூன்றாவது வாரம், சச்சி அண்ணையின் மனைவி சிவகௌரி கடைக்கு அரிசி எடுக்க வந்தார். மூட்டையை இழுத்தபடி, இன்னும் தனியாகவா நடத்துகிறீர் என்று கேட்டார். மிஸ் ஹோல்டனுக்குச் சளி மாறியதும் வருவார் என்றேன்.

சிவகௌரி அக்கா மூட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அந்த மனிசி தை மாசமே செத்துப்போச்சு," என்றார். "நாங்கள் பூவும் அனுப்பினனாங்கள். உமக்கு இவர் சொல்லேல்லையே?"

மாடியிலிருந்து டைரக்டர் இறங்கி வந்தார். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்த என்னைத்தான் சொல்லவேண்டும்.

"சாவு எண்டிறது குடும்ப விஷயம், தங்கச்சி. நிறுவனம் அதுக்குள்ள தலையிடக்கூடாது," என்றார். பிறகு மகிழ்ச்சியோடு, கல்லூரி ஒப்பந்தத்தை மூன்று வருடத்துக்கு நீட்டியிருக்கிறது என்றார். மிஸ் ஹோல்டனின் பெயரில். அனுபவக் கடிதமும் போய்விட்டதாம். ஒவ்வொரு மணித்தியாலத்தையும் மிஸ் எவலின் ஹோல்டன் தனியொருவராக, எவருடைய உதவியுமின்றி நடத்தினார் என்று அதில் இருந்தது. பொன்முத்திரை குத்தியிருந்தார்.

"அப்ப செப்டெம்பர்?" என்று கேட்டேன்.

"நீர் சீனாவுக்குப் போனா இஞ்ச ஆர் கதைக்கிறது?"

அதை அவர் உண்மையிலேயே ஒரு கேள்வியாகத்தான் கேட்டார். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நான் ஒண்டு கேக்கவேணும் எண்டு இருந்தனான். படம் முந்தியைவிடத் தெளிவா வருகுதாம், மிஸ் ஹோல்டன் நல்ல வடிவா இருக்கிறாவாம் எண்டு அங்கயிருந்து எழுதியிருக்கினம். நீர் ரேப்பைக் கழட்டிப்போட்டு ஆரைக் கொண்டுவந்து இருத்தினீர்?"

கமராவைப் பார்த்தேன். ரேப் ஒட்டியபடியே இருந்தது. விளிம்பில் தூசு படிந்திருந்தது.

அடுத்தநாள் காலை நான் ஏழரைக்கே போனேன். தெருவிளக்குகள் அணைந்து, தெருவில் ஆள்நடமாட்டம் இன்னும் வராத நேரம். வீட்டில் யாரும் இல்லை, என்னிடமிருந்த சாவியால் திறந்தேன். கமராவிலிருந்து ரேப்பை உரித்தேன். லப்டொப்பையும் மைக்கையும் தூக்கிக் கணப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். ஜூன்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாக்குக் கொடுத்தவர் எழுந்து போய்விட்டார், கதிரை எனக்கு. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இருந்தேன்.

தோல் சூடாக இருந்தது.

எட்டு மணிக்குத் திரை விழித்தது. நாற்பது முகங்கள். என் சதுரத்தில் நான் தெரிந்தேன்: சிவப்புக் காடிகன், எண்ணெய் வைத்து வாரிய தலை. இவ்வளவு மாதத்தில் முதல்தடவை. கண் கலங்கியது. நான் மிஸ் ஹோல்டன் இல்லை, என் பெயர் சயந்தினி, இவ்வளவு நாளும் உங்களோடு பேசியது நான்தான் என்று சொன்னேன்.

ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

வென் ஜிங் கையை உயர்த்தினாள்.

"மன்னிக்கவும், மிஸ் ஹோல்டன். வாய் அசைகிறது. சத்தம் வரவில்லை."

இன்னும் உரக்கச் சொன்னேன். தொண்டை அதிர்ந்தது, என் காதுக்கே ஒன்றும் கேட்கவில்லை. காற்றுமட்டும் போனது.

கமராவுக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பிறகு பாடம் தொடங்கியது.

என் குரலில். கன்னியாஸ்திரிகள் அடித்துப் பழக்கிய அதே ஆங்கிலத்தில், நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, நான் அழுத்துகிற இடத்தில் அழுத்தி. நாற்பது பேனைகள் எழுதத் தொடங்கின.

என் உதடுகள் அசைந்தன. நான் அசைக்கவில்லை.

அந்தக் குரல் மூச்செடுத்த இடத்தில் நான் மூச்செடுத்தேன். என் சதுரத்தைப் பார்த்தேன். அதில் வெள்ளி முடி இருந்தது. முத்துமாலை இருந்தது. அந்த முகம் என் பக்கம் பார்க்கவில்லை. மூட்டைகளின் பக்கம், மிகுந்த நன்றியோடு, பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு மணித்தியாலம் நான் அந்தக் கதிரையில் இருந்தேன். எழும்ப விடவில்லை என்று சொல்லமாட்டேன். எழும்பவேண்டும் என்ற நினைப்பையே யாரோ எனக்கு முந்தி எடுத்துவிட்டிருந்தார்கள். முடிவில் பிள்ளைகள் எழுந்து நின்று மிஸ் ஹோல்டனுக்கு நன்றி சொன்னார்கள். வீடு திரும்பும் ரயிலில்தான் எனக்குச் சத்தம் திரும்பியது. பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டியபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது.

மிஸ் ஹோல்டனுக்கு நான் குரலை இரவல் கொடுத்ததாகத்தான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். டைரக்டர் ஏமாற்றியது எனக்கு நோகவில்லை. அவருடைய அட்டையில் அதையும் ஒரு பதவியாகப் போட்டிருக்கலாம். கதிரையைத் தருவதாகக் காதுக்குள் வந்து சொன்ன அந்தக் காற்றைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் பிறகு அங்கே போகவில்லை. மே மாதம் சிவகௌரி அக்கா ரெலிபோன் எடுத்தார். அறைக்குள் அரிசி எடுக்கப் போகவே பயமாக இருக்கிறதாம். புதிதாக ஒருவரையும் வேலைக்கு வைக்கவில்லையாம். வகுப்பு மட்டும் நேரத்துக்கு நடக்கிறதாம். இவர் அதைத் தன் நிர்வாகத் திறமை என்று எல்லோரிடமும் சொல்லித்திரிகிறாராம்.

நான் சீனாவில் வேறொரு கல்லூரிக்கு எழுதினேன். சின்ன ஊர், சின்னக் கல்லூரி. யாழ்ப்பாணத்துப் பள்ளியின் சான்றிதழை அனுப்பினேன். எழுத்துப் பரீட்சை வைத்தார்கள், தொலைபேசியில் பேசினார்கள். கமரா இல்லை. ஜூலையில் கடிதம் வந்தது. விரிவுரையாளர், சயந்தினி. என் பெயரை ஓர் எழுத்தும் பிசகாமல் போட்டிருந்தார்கள். அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று கேட்கவேண்டாம்.

விசாவுக்குப் படம் தேவைப்பட்டது. ஈஸ்ட் ஹாமில், நகைக்கடைகளுக்கு நடுவே, யாக்கோப்பு அண்ணையின் படக்கடை. நல்ல வெயில். வெளியே சனம் நிரம்பி வழிந்தது. மாம்பழப் பெட்டிகளுக்கு முன்னால் யாரோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் திரைக்கு முன்னால் முக்காலி ஸ்ரூலில் இருந்தேன். மனம் இலேசாக இருந்தது.

"வாயை மூடுங்கோ, பிள்ளை," என்றார்.

மூடித்தான் இருந்தேன். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அவர் கமராவின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபடி நிமிர்ந்தார்.

"கதைக்காதேங்கோ. விசாப் படத்துக்கு வாய் மூடியிருக்கவேணும். திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

பல்லை இறுக்கிக் கடித்தேன். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது படத்துக்குப் பிறகு அவர் கமராவைத் தாழ்த்தினார். கொஞ்சநேரம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கமராவைத் திருப்பி என் கையில் தந்தார்.

நான்கிலும் நான்தான். என் கண், என் மூக்கு, என் நெற்றித் தழும்பு.

முதல் படத்தில் உதடுகள், 'எ' என்று தொடங்குவதுபோல, பக்கவாட்டில் இழுபட்டிருந்தன. இரண்டாவதில் மேற்பல் கீழுதட்டைத் தொட்டிருந்தது. மூன்றாவதில், 'லி' என்பதற்குப் போல, பற்களுக்குப் பின்னால் நாக்கின் நுனி தெரிந்தது. நான்காவதில் வாய் மூடும் தறுவாயில் இருந்தது, ஒரு பெயரைச் சொல்லி முடித்ததுபோல.

என் பெயருக்கு உதடுகள் அப்படிப் போகாது.