மாடியில் முந்நூறு நிறங்கள்

சிம்ராவின் அத்தா யாசிர் கடையில் முந்நூறு நிறங்கள் இருந்தன. வாங்கத்தான் ஆள் இல்லை.

தியாகராய நகரில் அவர் நடத்துவது மேட்சிங் கடை. புடவையைக் கொண்டுபோனால், அதே நிறத்தில் ரவிக்கைத் துணி எடுத்துத் தருவார். இரண்டு மாதத்துக்கு முன் கடை இருந்த பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். கடை பின்தெருவில் ஒரு மாடிக்குப் போனது. வாடிக்கையாளர்களோ, கடையே மூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

“இந்த மாசம் பார்ப்போம். ஆள் வரலைன்னா கடையை மூடிட்டு, எங்கயாவது சேல்ஸ்மேனா சேர்ந்துக்குறேன்,” என்றார் அத்தா. அன்று டீயில் சர்க்கரை இல்லாததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ஆறாம் வகுப்பு சிம்ராவுக்கு ஒரு யோசனை வந்தது. கடைக்கு ஓர் இணையதளம்! கல்லூரியில் கணினி படிக்கும் பெரியம்மா மகன் நதீமிடம் ஓடினாள்.

அவன் மடிக்கணினியைத் திறந்து காட்டினான். திரை முழுக்க எண்களும் அடைப்புக்குறிகளும் எறும்பு வரிசையாக நின்றன. இதையெல்லாம் எழுதினால்தான் ஒரு பக்கம் வருமாம். பரீட்சை முடிந்து, மூன்று மாதத்தில் செய்து தருவதாகச் சொன்னான்.

“மூணு மாசத்துல கடையே இருக்காது, நதீம் அண்ணா. ஸ்கூல்ல சார்ட் பேப்பர்ல படம் ஒட்டி, பக்கத்துல எழுதுறோம்ல? அந்த மாதிரி ஒண்ணும் கிடையாதா?”

நதீம் தலையைச் சொறிந்தான். “அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் கீது. ஆனா நான் அதைத் தொட்டதே இல்ல.”

சிம்ரா தொட்டாள். திரையில் வெற்றுத்தாள் ஒன்று வந்தது. ஓரத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள்: எழுத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, வழி காட்டும் வரைபடத்துக்கு ஒன்று. வேண்டியதை இழுத்துத் தாளில் விட்டால், அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அந்த எறும்பு வரிசையை மென்பொருளே பின்னால் எழுதிக்கொண்டது!

கடையில் நாற்பது துணிகளைப் படம் எடுத்தாள். மயில்கழுத்து, கிளிப்பச்சை, கத்திரிப்பூ, வெங்காயச்சருகு. முகவரியும் போட்டு, ‘வெளியிடு’ பொத்தானை அழுத்தினாள். அம்மா அதைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

மறுநாளே அபிராமபுரத்திலிருந்து கோமளம் மாமி ரோஜா நிறப் புடவையுடன் மாடியேறி வந்தார். போனில் பார்த்த துணியைக் கேட்டார். அத்தா வெங்காயச்சருகு நிறத் துணியை எடுத்து வைத்தார்.

மாமி முகம் சுருங்கியது. “போன்ல நன்னா ரோஸா இருந்துதே. இது பழுப்பா இருக்கு. உங்க படம் பொய் சொல்றது!”

சிம்ரா படத்தையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தாள். இதை மாமி நாலு பேரிடம் சொன்னால்? வருகிறவர்களும் வரமாட்டார்கள்.

அத்தா புடவையையும் நாலைந்து துணிகளையும் எடுத்துக்கொண்டு, வழக்கம்போல வாசலுக்கு வெளியே, படிக்கட்டில் விழும் பகல் வெளிச்சத்துக்குப் போனார். அங்கே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, சரியான ரோஜாவைப் பிடித்துவிட்டார். மாமி வாங்கிக்கொண்டார்.

சிம்ரா கண் இமைக்காமல் பார்த்தாள். அத்தா எப்போதும் துணியை வெளியே கொண்டுபோய்த்தான் பார்ப்பார். அவளோ எல்லாப் படத்தையும் கடை விளக்கின் கீழே எடுத்திருந்தாள்!

“மாமி, அஞ்சு நிமிஷம் இருங்க.”

வெங்காயச்சருகைப் படிக்கட்டுக்குத் தூக்கிப்போய்ப் படம் எடுத்தாள். போனிலேயே பழைய படத்தைத் தட்டி, புதியதை வைத்து, மறுபடி ‘வெளியிடு’. மாமி தன் போனைத் திறந்து, துணியை அதன் அருகே பிடித்துப் பார்த்தார்.

“இப்போ அச்சு அசல். யார் மாத்தினா, நீயா?”

“ஆமா மாமி. மீதி முப்பத்தொன்பது கீது.”

அத்தா எட்டிப் பார்த்து, “இவ்வளவுதானா வேலை?” என்று கேட்டார். பிறகு துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். வெயில் சாய்வதற்குள் நாற்பதும் மாறிவிட்டன.

அடுத்த ஞாயிறு, கோமளம் மாமி மூன்று தோழிகளுடன் வந்தார். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர். படிக்கட்டில் புடவைப் பைகளும் போன்களும் நெருக்கியடித்தன. கடையை மூடும் பேச்சை அத்தா அதன்பிறகு எடுக்கவே இல்லை.

மாலையில் சிம்ரா இணையதளத்தைத் திறந்தாள். முதல் வரியாக, அவள் எழுதாத ஒன்று பெரிய சிவப்பு எழுத்தில் இருந்தது:

‘படி குறுகல். ஏறுபவரும் இறங்குபவரும் அவரவர் இடப்பக்கம். இப்படிக்கு, யாசிர்.’