கண் எரியாத தண்ணீர்

நீச்சல் முடிந்து ஈரத் துண்டோடு வந்து நின்ற குட்டி, கண்ணைக் கசக்கவே இல்லை. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரான அவளுடைய அம்மாவுக்கு முதலில் அது வெற்றிச் செய்தியாகத்தான் பட்டது. கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தி, நீச்சல் குளத்தை உப்புத் தண்ணீருக்கு மாற்ற வைத்தவள் அவள்தானே. மருந்து நெடி அடிக்காது, தோல் வறளாது, உடுப்புச் சாயம் போகாது, போட்ட உப்பிலிருந்தே இயந்திரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குளோரின் எடுத்துக்கொள்ளும், கண்ணீரில் இருக்கிற அளவு உப்புகூட அதில் இருக்காது என்று அடுக்கினாள். "எங்களை எல்லாம் உப்புல ஊறப் போடப் போறீங்களா?" என்று கிண்டலடித்த மேல்வீட்டுக்காரர்கூட இப்போது காலையும் மாலையும் குளமே கதி என்று கிடக்கிறார்.

அதெல்லாம் ஊருக்குச் சொன்ன காரணம். அவளுக்கு இருந்தது ஒரே காரணம், குட்டியின் கண். பழைய தண்ணீரில் இறங்கிய நாளெல்லாம் அது ரத்தமாகச் சிவந்துவிடும். பிள்ளை தலையணையில் முகம் புதைத்து அழும். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அத்தனை பேரோடும் மல்லுக்கு நின்றாள்.

இப்போது கண் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் சாப்பிட உட்கார்ந்த பிறகும் குட்டி இமைக்கவில்லை.

"என்னடி அப்படி முழிக்கிறே?"

"தண்ணிக்குள்ள கண்ணைத் திறந்து பழகிட்டேம்மா. எரியவே இல்லை. அவங்களுக்கும் எரியலையாம்."

"யாருக்கு?"

"அடியில இருக்கிறவங்களுக்கு. இத்தனை நாளா எரிஞ்சுதாம். அதான் இறுக்கி மூடிட்டே இருந்தாங்களாம். இப்பத்தான் திறந்திருக்காங்க." குட்டி ஒரு வாய் சாப்பிட்டாள். "உப்பு போட்டது எங்கம்மான்னு சொன்னேன். உன்னைப் பார்க்கணுமாம்."

பிள்ளை கதை விடுகிறது என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. இனிமேல் குளத்துப் பக்கமே போகக் கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டு, எழுந்து தட்டைக் கழுவினாள்.

மறுநாள் அந்தி சாய்கிற நேரம், அவள் சமையலறையில் இருந்தபோது வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கூடத்தில் குட்டி இல்லை. கொடியில் துண்டும் இல்லை. போட்டது போட்டபடி ஓடினாள்.

குளத்தில் ஒருவரும் இல்லை. மருந்து நெடியற்ற அந்தக் காற்றில் நனைந்த சிமெண்டின் வாசமும், எங்கோ சுவருக்குப் பின்னால் தண்ணீரைச் சுற்ற வைக்கும் மோட்டாரின் முனகலும் மட்டும் இருக்க, சாய்வு நாற்காலிகளின் நிழல்கள் நீண்டு நீண்டு ஓரத்தைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. ஆழமான முனையில், தரையோடு தரையாக, ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. குட்டியின் நீச்சலுடை.

குதித்தாள்.

கண்ணைத் திறந்தாள். எரியவில்லை.

குட்டி அடியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தை நிமிர்த்தியபடி. எட்டிப் பிள்ளையின் கையைப் பிடித்தாள். ஒரே உந்தல். தலை வெளியே வந்ததும், மூச்சு இரைக்க, "பயப்படாதேடி, அம்மா பிடிச்சுட்டேன்!" என்றாள்.

"வந்துட்டியாம்மா?"

குரல் கரையிலிருந்து வந்தது.

அங்கே குட்டி நின்றிருந்தாள். அதே மஞ்சள் உடுப்பு. தோளில் துண்டு. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"நீயே வந்து குதிப்பேன்னு அவங்க சொன்னாங்க."

பிடித்திருந்த கையை உதறினாள்.

அந்தக் கை விடவில்லை.

"குட்டி, ஓடு! வீட்டுக்கு ஓ..."

தண்ணீர் மூடிக்கொண்டது. கீழே. இன்னும் கீழே. கண்ணை மூடப் பார்த்தாள். இமை அசையவில்லை. தரை முழுக்க முகங்கள். சின்னதும் பெரியதுமாக. எல்லாக் கண்ணும் அகலத் திறந்து, நன்றியோடு, அவளையே பார்த்தன.

பிறகு ஒவ்வொன்றாக மேலே திரும்பின.

அவளும் பார்த்தாள். துளி எரிச்சல் இல்லாமல், தெள்ளத் தெளிவாக.

ஏணியின் முதல் படியில் இரண்டு சின்னப் பாதங்கள் இறங்கின.