பதினொன்று பத்து முதல் மூன்று நாற்பது வரை

நகரமைப்புக் குழு மனையைப் பார்வையிட வருவதற்கு ஒன்பது நாளும் மூன்று மணி நேரமும் இருந்தபோது அப்பா போன் செய்தார்.

"நேத்து பதினொண்ணு பத்துக்கு வெயில் போயிடுச்சும்மா."

"மேகம் வந்திருக்கும்பா."

"மேகம்னா எதிர்வீட்டுக்கும் வந்திருக்கணும்ல? அங்க சுள்ளுன்னு அடிக்குது. நம்ம வீட்டுக்கு மட்டும் இல்ல. மூணு நாப்பதுக்குத்தான் திரும்பி வந்துச்சு."

அப்பா முப்பத்தொரு வருடம் பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் நிமிடக் கணக்கு போகவில்லை. தூக்கம் வராததைக்கூட "ரெண்டு இருபதுலேருந்து முழிச்சிருக்கேன்" என்றுதான் சொல்வார். வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். அன்று சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு நேரங்களையும் பதினாறு நாள் முன்பே அவள் பார்த்திருந்தாள், அலுவலகக் கணினியில்.

கட்டடக்கலை அலுவலகத்தில் அவள் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நிழல் கணக்கிடுவது அவள் வேலை. நகரின் நடுவே, அப்பாவின் வீட்டை ஒட்டிப் பின்னால் கிடந்த பழைய கார் நிறுத்துமிடத்தில், இருபத்தெட்டு மாடிக் குடியிருப்பு வரப்போகிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகலில் அதன் நிழல் எந்த வீட்டில் எவ்வளவு நேரம் விழும் என்று அவள் சொல்ல வேண்டும். காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் நடுவே ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று மணி நேர வெயில் மிஞ்ச வேண்டும் என்பது விதி. முதல் கணக்கில் எல்லா வீடும் தேறியது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுக்கு ஐம்பது நிமிடம் குறைந்தது.

அது யார் வீடு என்று அவள் அலுவலகத்தில் மூச்சு விடவில்லை. அன்று மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு நடந்ததை அவள் நினைப்பதுமில்லை. மறுநாள் போன அறிக்கையில் குறை ஏதும் இல்லை.

ஆனால் கட்டடம் இன்னும் இல்லையே. அஸ்திவாரக் குழி கூட இல்லை. கம்பி வேலியும் விரிசல் விட்ட தார்த்தரையும்தான். அதோடு இது சூரியன் உச்சியில் நிற்கும் மாதம். இருபத்தெட்டு மாடியும் எழுந்து நின்றிருந்தாலும் இந்த மாதத்தில் நிழல் அங்கே எட்டாது. பேருந்து டிக்கெட்டின் பின்புறத்தில் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். எட்டாது.

"புதுசுன்னே தெரியக்கூடாதும்மா," என்றார் அலுவலகத்தில் அவள் மேலதிகாரியான சார், திரையில் புதுக் கட்டடத்தின் முகப்பைப் பெரிதாக்கியபடி. "கீழ் மூணு மாடிக்கு அந்தத் தெரு செங்கல், அந்தத் தெரு ஜன்னல் உயரம். எப்பவும் அங்கயே இருந்த மாதிரி இருக்கணும்."

"சரி சார்."

"குழு வந்து பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டா அவ்ளோதான். அதுக்கப்புறம் நம்ம வரைபடம்தான் தெரு."

அப்பா போன் செய்த நான்காம் நாள் மதிய இடைவேளையில் அவர் தெருவுக்குப் போனாள். தெரு முழுக்க வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. தார் இளகும் வாடை, எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் மிஷின் விட்டு விட்டு ஓடும் சத்தம், எங்கோ ஒரு குழாயடியில் வாளி நிரம்பும் சத்தம், எல்லாம் வழக்கம்போல் அப்பாவின் வாசல்வரை கூடவே வந்து, அங்கே கத்தரித்ததுபோல் நின்றன. நிழலின் ஓரம் அளவுகோல் வைத்துக் கோடு போட்டாற்போல் நேராக இருந்தது. அதற்குள்ளிருந்து ஈர சிமெண்ட் வாடை வந்தது. அண்ணாந்து பார்த்தாள். வீட்டுக்கு மேலே நீல வானம்தான், தடுப்பது ஒன்றுமில்லை. ஆனால் அந்த நீலத்திலிருந்து, மிக உயரத்தில், யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"வாம்மா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" தையல்காரம்மா மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். "அப்பாவைக் கூட்டிட்டுப் போனியே, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா? தைச்ச சட்டை நாலு நாளா இங்க தொங்குது. கூலி குடுக்காம ஓடிட்டார்னு நானே கதை கட்டிவிடப் போறேன்."

"அப்பா வீட்லதானே இருக்கார்."

"எந்த வீட்ல?"

திறந்திருந்த கதவுக்கு உள்ளே, முன்கூடத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து கையாட்டினார். வாய் அசைந்தது. ஓர் ஒலியும் வரவில்லை. தையல்காரம்மா அவர் நின்ற பக்கமே நேராகப் பார்த்தாள். கண் எதிலும் நிற்காமல் அடுத்த வீட்டுச் சுவருக்குப் போய்விட்டது.

அவள் நிழலுக்குள் கால் வைக்கவில்லை. அப்பாவின் எண்ணை அழைத்தாள். இப்படி ஓர் எண்ணே இல்லை என்றது பதிவுக் குரல்.

மூன்று நாற்பத்தொன்றுக்குப் போன் வந்தது. "வாசல்வரைக்கும் வந்துட்டு உள்ள வராமப் போயிட்டியேம்மா."

அவள் போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

"பரவால்ல. வேலை இருந்திருக்கும். மேல யாரோ குடிவந்திருக்காங்கம்மா. நாள் பூரா நடமாட்டம். நம்ம வீட்டுக்கு ஏது மேல்மாடி?"

மறுநாள் சாரின் அறைக்குப் போனாள். "சார்," என்றாள்.

"சொல்லும்மா."

சொல்ல வந்ததை விட்டாள். "ஒண்ணுமில்ல சார். பிரிண்ட் எடுத்தாச்சு."

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

குழு வரும் நாளன்று முடிவோடு கிளம்பினாள். அப்பாவை வெளியே கூட்டி வந்து நிறுத்துவது. பன்னிரண்டு மணிக்கு எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது. வேலை போனால் போகட்டும். வரைபட அட்டைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று நாலு.

"கிளம்புங்கப்பா. இப்பவே."

"கண்ணாடியைக் காணோம்மா. இன்னும் ஆறு நிமிஷம் இருக்குல்ல."

"கண்ணாடி வேணாம்பா."

"வெளியில போனா பஸ் நம்பர் எப்படிப் பாக்கறது? நில்லு, பின்னறையில இருக்கும்."

அவளே ஓடினாள். கட்டிலுக்கு அடியில். அலமாரியில். ஜன்னல் மேடையில் இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

இருட்டியது.

மிஷின் சத்தம் நின்றது. ஈர சிமெண்ட் வாடை மூக்கில் ஏறியது. தலைக்கு மேல் காலடிகள். ஒன்றல்ல. அடுக்கடுக்காக, மேலே மேலே. தண்ணீர் குழாயில் இறங்கும் ஓசை சுவருக்குள் ஓடியது. ஒரு லிப்ட் எங்கோ வந்து நின்றது.

அப்பாவின் கையைப் பிடித்து வாசலைத் தாண்டினாள். காலடியில் தெரு இல்லை. முன்கூடம். மறுபடி தாண்டினாள். முன்கூடம்.

"நானும் தினம் பாத்துட்டேன்," என்றார் அப்பா, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டே. "உக்காரும்மா. மூணு நாப்பதுக்கு விட்டுடும்."

"இன்னிக்கு கையெழுத்தாயிட்டா விடாதுப்பா."

"என்ன கையெழுத்து?"

அவள் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பன்னிரண்டுக்கு அவர்கள் வந்தார்கள். ஐந்து பேர், வெயிலில், வாசலிலிருந்து பத்தடியில். குழுத்தலைவி தொப்பியைச் சரிசெய்தார். சார் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். தெருவின் மற்றச் சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை; அவர்கள் பேசுவது மட்டும் நன்றாகக் கேட்டது.

"தெருவோட ரொம்ப நல்லா ஒத்துப்போகுது," என்றார் தலைவி. "நிழல் விவகாரம் எதுவும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லைங்க. வேணும்னா அளந்தே பாத்துக்கலாம்."

உடன் வந்த நில அளவையாளர் டேப்பை இழுத்தார். மஞ்சள் முனை சுவர் வழியாக உள்ளே வந்தது. ஓசையில்லை. சுவர் உதிரவில்லை. பின்னால் அவரும் வந்தார். சுவரிலிருந்து ஒரு தோள். ஒரு காலணி. முகம். முன்கூடத்தின் நடுவே வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு நடந்தார். டேப் தரையோடு நீண்டது. வீடு பெருக்குகிறவருக்கு வழிவிடுவதுபோல் அப்பா இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டார்.

டேப் அடியில் ஓடியது. அளவையாளர் எதிர்ச் சுவருக்குள் போய் மறைந்தார்.

வெளியே தலைவி பேனா மூடியைக் கழற்றினார்.

பள்ளியில்கூட அவள் கைதூக்கிப் பேசியதில்லை. இப்போது நெஞ்சு வலிக்கக் கத்தினாள்.

"இங்க வீடு இருக்கு. உள்ள எங்கப்பா இருக்கார். வரைபடத்துலேருந்து இந்த வீட்டை எடுத்துட்டு, ஆளில்லாத காலி மனைன்னு எழுதினது நான்தான்."

வெயிலில் நின்றவர்களில் ஒருவரும் நிமிரவில்லை.

கால்களைத் தூக்கியபடியே, அப்பா மட்டும் திரும்பினார்.