விளக்கையா, உன்னையா?

சின்ன டார்ச்சின் வெளிச்சம் எதிர்ச் சுவரில் விழவில்லை. தரையில் கொஞ்ச தூரம் ஓடியது, அதன்பின் போன இடம் தெரியவில்லை. பேட்டரி மட்டம் போல என்று நினைத்துக்கொண்டான்.

கூடாரமும் முதுகுப்பையும் விற்கிற கடையின் பின்பக்கத்தில், கறுப்புத் திரைக்கு உள்ளே, டார்ச் அடித்துப் பார்ப்பதற்கென்றே விட்டிருந்த இருட்டறை அது. "நாலு எட்டு வெச்சா சுவத்துல மூக்கு இடிக்கும், பாத்துப் போங்க சார்" என்று சிரித்தபடி மூன்று டார்ச்சுகளைக் கொடுத்து அனுப்பியிருந்தார் கடைக்காரர். வெளியே பட்டப்பகல். உள்ளே புது ரப்பர் வாசனையும், அதற்கு அடியில் ஈரமண் வாசனையும் அடித்தன.

மகள் அவன் இடது கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வழியில் வார் அறுந்த அவள் செருப்புக்கு அவன்தான் ஊக்கு குத்திக் கொடுத்திருந்தான். இருட்டென்றால் அவளுக்கு உயிரே போய்விடும். லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் பாதி நாள் வீடு தங்காத மனுஷன், லீவு போட்டு அவளோடு காட்டில் கூடாரமடித்துத் தங்க ஆசைப்பட்டான். சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. நல்ல டார்ச் வாங்கினால்தான் வருவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

வீட்டிலிருக்கும் நாட்களில், படுத்ததும் "அணைப்பா" என்பாள். "விளக்கையா, உன்னையா?" என்பான். "மொதல்ல என்னை!" என்று கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அதற்காகவே எத்தனை மைல் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம் என்றிருக்கும் அவனுக்கு.

"இது வேணாம்ப்பா. மங்கலா இருக்கு."

"இரு, அடுத்ததப் பாப்போம்."

மாற்றி எடுக்க ஒரு நொடி அவள் கையை விட்டான். இருட்டில் பொத்தானைத் துழாவும்போதே சின்னக் கை மறுபடி வந்து பற்றிக்கொண்டது. பாவம், பயத்தில் சில்லிட்டுப்போயிருக்கிறாள் என்று நினைத்தான்.

இரண்டாவது டார்ச் வெளிச்சத்தை அகலமாகப் பரப்பியது. கூடாரத்துக்குள் மாட்டி வைக்கத் தோதானது. ஆனால் அதற்கும் சுவர் அகப்படவில்லை. காலடியில் சிமெண்ட் முடிந்து மண் தொடங்கியிருந்தது, எங்கோ தண்ணீர் சொட்டியது, கடையின் மின்விசிறிச் சத்தம் எப்போது நின்றதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"போதும்டா செல்லம். வெளிய போலாம்."

கையின் பிடி மட்டும் இறுகியது.

திரை எந்தப் பக்கம்? திரும்பினான். எல்லாப் பக்கமும் ஒன்றாக இருந்தது. அக்குளில் இடுக்கியிருந்த மூன்றாவதை எடுத்தான். கனமானது. நெடுந்தூரம் அடிப்பது. அழுத்தினான்.

வெளிச்சம் கோடாகப் போனது. போய்க்கொண்டே இருந்தது. அதன் கடைசியில் மஞ்சள் சட்டை. இரட்டைச் சடை.

அவன் மகள்.

"அணைப்பா." இடுப்புக்குப் பக்கத்திலிருந்து. அதே குரல். அதே கெஞ்சல்.

இவள் இங்கே இருக்கிறாள். அப்படியானால் அங்கே நிற்பது எது? பதறிப்போய்க் குனிந்தான். பக்கத்திலிருந்தவளை ஒரு கையால் வாரி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். டார்ச் தூரத்து உருவத்தின் மேலேயே இருந்தது.

அது ஓடி வந்தது. அழுதுகொண்டே. விந்தி விந்தி. காலில் ஏதோ மின்னியது.

ஊக்கு.

"அணைக்காதப்பா! அணைக்காத!"

"இல்லடா, அணைக்க மாட்டேன்!" பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டான். "லைட் எரியுதுடா, பாரு!"

அவள் விளக்கைச் சொல்லவில்லை.

கழுத்தைச் சுற்றிய சின்னக் கைகள் முதுகுக்குப் போய், ஒன்றையொன்று தொட்டு, நிற்காமல் மறுபடி முன்பக்கம் வந்து நெஞ்சைச் சுற்றின. காதருகே ஈரமண் வாசனை.

"விளக்கையா," என்று அவன் குரலிலேயே கேட்டது அது, "அவளையா?"

வராதே என்று கத்த வாய் திறந்தான். மூச்சு இல்லை. டார்ச்சை அணைக்க விரலைத் தேடினான். விரல்களும் இல்லை.

அப்பா பிடித்திருக்கும் வெளிச்சத்தை நம்பி, இருட்டுக்குப் பயந்த குழந்தை நேராக ஓடி வந்துகொண்டிருந்தது.